பீர் காய்ச்சினால் கலைஞன், கள் இறக்கினால் குற்றவாளி

தமிழ்நாட்டில் 42.8 விழுக்காடு ஆல்கஹால் உள்ள பிராந்தியை அரசே கடை திறந்து விற்கிறது. பொதுவாக 4 முதல் 6 விழுக்காடு வரை மட்டுமே ஆல்கஹால் உள்ள கள்ளை ஒருவர் மரத்திலிருந்து இறக்கினால், அதே அரசு அவர் மீது வழக்குப் போடுகிறது. 1987 சனவரி 1 முதல் இதுதான் நிலைமை. உடல்நலக் கணக்குப் போட்டால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். வருவாய்க் கணக்கு ஓரளவுக்குத்தான் விளக்கம் தரும். சாதிக் கணக்கையும் சேர்த்துப் போட்டால்தான் விடை சரியாக வருகிறது.

இந்தக் கணக்கை எனக்குத் தெளிவாகப் புரியவைத்தது ஒரு பீர் திருவிழா.

பெங்களூரில் நண்பர்கள் சிலர் அழைத்ததால் ஒரு கிராஃப்ட் பீர் திருவிழாவுக்குப் போனேன். நுழைவுக்கட்டணம் 1,500 ரூபாய். கையில் ஒரு பட்டையும் 100 மில்லி பிடிக்கும் சின்னக் கண்ணாடிக் கோப்பையும் தந்தார்கள். திறந்த மைதானத்தில் முப்பது நாற்பது கடைகள். ஒரு பக்கம் கிட்டார், ஒரு பக்கம் பன்றி இறைச்சி பர்கர், நடுவில் புல்தரையில் உட்கார்ந்து பீரின் நிறத்தைச் சூரிய ஒளியில் தூக்கிப் பார்க்கும் ஐ.டி. இளைஞர்கள். பொய் சொல்வானேன், பீர்கள் நன்றாகவே இருந்தன. உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டுக் காய்ச்சும் 'கோஸே' என்ற ஜெர்மானிய வகை, மோர் குடித்ததுபோல் நாக்கில் புளித்தது. ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடந்த கறுப்பு 'ஸ்டவுட்', கருப்பட்டிக் காப்பியை நினைவூட்டியது. கேழ்வரகு சேர்த்த ஒரு 'சைசோன்' இருந்தது. மஹுவாப் பூ சேர்த்த பீர் ஒன்றும் இருந்தது. மஹுவா நம் இலுப்பை இனத்து மரம்தான்.

கூட்டம் அதிகம் மொய்த்தது ஒரு கடையில். அங்கே 'அரிய வகை' என்று எழுதிப்போட்டு, காட்டு ஈஸ்ட்டால் நொதிக்கவைத்த பீரை அளந்து அளந்து ஊற்றினார்கள். அந்த 100 மில்லிக்குத் தனியாக 350 ரூபாய். கடையில் நின்ற இளைஞர் ஆர்வமாக விளக்கினார். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரைச் சுற்றியுள்ள பகுதியில் 'லாம்பிக்' என்றொரு பீர் உண்டு. கொதித்த மால்ட் சாற்றை ஆழமில்லாத அகன்ற தொட்டியில் ஊற்றி, குளிர்கால இரவில் திறந்தே வைப்பார்கள். ஈஸ்ட்டை யாரும் போடுவதில்லை. காற்றிலும் கட்டடத்திலும் மரப் பீப்பாயிலும் இருக்கும் நுண்ணுயிர்களே இறங்கி வேலையைத் தொடங்கும். பிறகு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை பீப்பாயில் கிடக்கும். "ஸ்பான்டேனியஸ் ஃபெர்மென்டேஷன், ப்ரோ. இதுதான் உலகத்துலயே கஷ்டமான கலை" என்றார்.

"கள்ளும் அப்படித்தானே? கலயத்துல யாரும் ஈஸ்ட் போடறது இல்லையே?" என்று கேட்டேன்.

சிரித்தார். "டோடியா? அது ஹைஜீனிக் இல்ல ப்ரோ. அது லோக்கல் சரக்கு."

அந்த இளைஞர் கெட்டவர் இல்லை. தன் தொழிலை நேசிப்பவர். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வரிக்குள் ஒரு நீதிமன்றமும் ஒரு கோயிலும் ஒரு காவல் நிலையமும் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம்.

முதலில் அறிவியல். பனை, தென்னைப் பாளையைச் சீவியதும் சொட்டும் சாறு இனிப்பானது. அது கலயத்தில் விழத் தொடங்கியதுமே காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் கள் தயார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைபட்டுப் பதநீர் கிடைக்கும். ஒரே மரம், ஒரே சாறு. எது எப்போது எவ்வளவு புளிக்க வேண்டும் என்பதைச் சுண்ணாம்பாலும் நேரத்தாலும் தீர்மானிக்கிற கை அது. பாளையை எந்த நாளில் இடுக்கிவிட வேண்டும், தினம் எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும், எந்த மரம் எப்போது ஓய்வு கேட்கிறது என்பதெல்லாம் பனையேறிக்குத் தெரியும். காலையும் மாலையும் தளைநாரைக் காலில் மாட்டி, பாளை அரிவாளை இடுப்பில் கட்டி, மரம் மரமாக ஏறி இறங்குகிறார். தவறினால் முதுகெலும்பு போகும், உயிரும் போகும். லாம்பிக் காய்ச்சுபவரின் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். அந்தத் திறமைக்கு உரிய அதே சொல்லைப் பனையேறிக்குத் தர மறுப்பது எந்த அறிவியல்?

சுகாதாரமில்லை என்ற குற்றச்சாட்டையும் பார்ப்போம். கள்ளில் கலப்படம் நடப்பது உண்மை. தெலங்கானாவில் குளோரல் ஹைட்ரேட்டையும் டையாஸெபாமையும் கலந்து விற்று மக்கள் மருத்துவமனையில் விழுந்திருக்கிறார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பீர் சுத்தமாக இருப்பது பார்லியின் புண்ணியத்தால் அல்ல. அதற்கு உரிமம் உண்டு, ஆய்வகம் உண்டு, தரக்கட்டுப்பாடு உண்டு, எஃகுத் தொட்டிக்கு வங்கிக் கடனும் உண்டு. கள்ளுக்குத் தமிழக அரசு கொடுத்திருப்பது லத்தி ஒன்றுதான். ஒரு தொழிலை இருட்டில் தள்ளிவிட்டு, இருட்டில் நடப்பதால் அது அழுக்கு என்று சொல்வது நமக்குப் புதிதா? ஊருக்கு வெளியே சேரியைத் தள்ளிவிட்டு, சேரியில் சுத்தமில்லை என்று மூக்கைப் பிடித்தவர்கள்தானே இவர்கள்!

இப்போது கோயிலுக்கும் நீதிமன்றத்துக்கும் வருவோம். 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். இராமநாதபுரம் ராஜா தரப்பு வழக்குப் போட்டது. வழக்கு கீழ்க்கோர்ட்டு, சென்னை உயர்நீதிமன்றம் என்று ஏறி, லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1908-இல் நாடார்கள் தோற்றார்கள். அவர்களுக்குக் கோயிலில் இடமில்லை என்பதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமான ஒன்று, அவர்கள் பரம்பரையாகப் பனைச்சாறு இறக்கும் சாதி, அந்தச் சாறு போதை தருவது, ஆகவே அந்தத் தொழில் தீட்டு என்பது. அந்த வழக்கில் கள்தான் சாதிச் சான்றிதழ். ஈழவர், தீயர், பில்லவர், ஈடிகர், கவுடா, கிராமணி என்று தென்னிந்தியா முழுக்க மரமேறிய சாதிகளுக்கெல்லாம் இந்தச் சான்றிதழை ஏதோ ஒரு வடிவில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகத் தெருவில் அடி வாங்கியே 1859-இல் அரசாணை பெற வேண்டியிருந்தது.

ஜெர்மனியின் பவேரியாவில் 1516-இல் ஒரு பீர் தூய்மைச் சட்டம் போட்டார்கள். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்றது அது. பீர் திருவிழாவில் ஒரு பதாகையில் இந்தச் சட்டத்தைப் பெருமையாக அச்சிட்டிருந்தார்கள். அங்கே தூய்மை என்றால் தொட்டிக்குள் என்ன விழுகிறது என்ற கேள்வி. இங்கே தூய்மை என்றால் கலயத்தைத் தொட்டது யார் கை என்ற கேள்வி.

பெல்ஜியத்தையும் பார்க்கலாம். சைசோன் என்ற வகை, வலோனியாப் பகுதிப் பண்ணைகளில் கோடையில் வேலைக்கு வரும் கூலிகளுக்காகக் காய்ச்சியது என்றுதான் அதன் கதையைச் சொல்கிறார்கள். உழவுக்கூலியின் தாகம் தீர்த்த பானம் என்பதை மறைக்காமல், அதையே விளம்பரமாக எழுதி விற்கிறார்கள். 2016-இல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நம் ஊரில் உழவுக்கூலி குடித்தது எதுவும் மரபாவதில்லை. வழக்காகிறது. அதையே ஒரு முதலாளி புட்டியில் அடைத்து ஆங்கிலப் பெயர் வைத்தால் மட்டும் மரபாகிவிடுகிறது. அந்தத் திருவிழாவில் மஹுவாப் பீருக்கு மேல் 'ஆதிவாசிப் பாரம்பரியம்' என்று எழுதியிருந்தார்கள். கடையிலோ மேடையிலோ பேசியவர்களில் தன்னை ஆதிவாசி என்று சொல்லிக்கொண்டவர் ஒருவரும் இல்லை. 1892-இல் பம்பாய் மாகாண வெள்ளை அரசு இந்த மஹுவாப் பூவைக் கட்டுப்படுத்தவே தனிச் சட்டம் போட்டது. பூவைப் பொறுக்கி வீட்டில் வைத்திருந்ததே குற்றமான காலம் அது. பூ அதேதான். பொறுக்கியவர் குற்றவாளி, புட்டியில் அடைத்தவர் தொழில்முனைவோர்.

பெங்களூரின் கதையே இதற்குப் போதுமான சாட்சி. கர்நாடக அரசு 2007 சூலையில் சாராயத்தைத் தடை செய்தது. அடுத்த மே மாதமே, 2008-இல், பெங்களூரிலும் எல்லை தாண்டிக் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் கள்ளச்சாராயம் குடித்து நூற்றுக்கும் மேற்பட்ட கூலித் தொழிலாளர்கள் செத்தார்கள். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் அதே நகரத்தில் மைக்ரோ ப்ரூவரிகள் உரிமம் பெற்று வரிசையாகத் திறந்தன. இன்று அது 'இந்தியாவின் கிராஃப்ட் பீர் தலைநகர்'. ஏழையின் கோப்பையை உடைத்த கையே பணக்காரனின் கோப்பைக்கு உரிமம் எழுதியது. சாராயத் தடையைக் கேட்டதில் உழைக்கும் பெண்களின் நியாயமான கோபமும் இருந்தது என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்தைக் காட்டி அரசு மூடியது ஒரு வர்க்கத்தின் கடையை மட்டும்தான்.

இங்கே தோழர்கள் சிலர் கேட்பார்கள்: "நாராயண குரு கள்ளை எதிர்க்கவில்லையா? பெரியார் தன் தோப்பில் தென்னை மரங்களை வெட்டிச் சாய்க்கவில்லையா? 1992-இல் நெல்லூரில் சாராயக் கடைகளை மூடவைத்த தலித், ஏழைப் பெண்களை என்ன சொல்வாய்?"

நல்ல கேள்வி. நாராயண குரு கள்ளை இறக்கவே வேண்டாம் என்று தன் மக்களிடம் சொன்னது, அந்தத் தொழிலே அவர்கள் கழுத்தில் தொங்கிய சாதிப் பலகை என்பதால். அந்தப் பலகையைக் கழற்றி எறியச் சொல்வது விடுதலைக் குரல். அதே கள்ளை இராஜாஜி 1937 அக்டோபரில் சேலத்தில் சட்டம் போட்டு ஒழித்தபோது குரல் வேறு. அங்கே பேசியது ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுக்க மேலிருந்து இறங்கி வந்த பார்ப்பனிய வாத்தியார். மரமேறிகளின் அடுத்தவேளைச் சோற்றுக்கு என்ன ஏற்பாடு என்பது அந்தப் பாடத்தில் இல்லை. காங்கிரசுக்காரராக மரங்களை வெட்டிய பெரியாரே பிற்காலத்தில் மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்தார். அண்ணல் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு, 1951 தேர்தல் அறிக்கையில், மதுவிலக்கை ரத்து செய்து அந்த வருவாயை மக்கள் நலத்துக்குப் பயன்படுத்த வேண்டும் என்றது. அம்பேத்கர் குடிப்பழக்கம் இல்லாதவர். தன் ஒழுக்கத்தை அடுத்தவன் மீது போலீசை வைத்துத் திணிக்காத சனநாயகவாதி.

நெல்லூர்ப் பெண்கள் எதிர்த்தது, தங்கள் கணவர்களின் கூலியைக் குத்தகைதாரரும் அரசும் சேர்ந்து உறிஞ்சியதை. அந்தப் பெண்களின் கேள்வி இன்றைக்கு டாஸ்மாக்கை நோக்கித்தான் நீள வேண்டும். 1983-இல் தொடங்கி, 2003-இல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்துக்கொண்ட அந்த நிறுவனம்தான் இன்று தமிழகத்தின் ஒரே குத்தகைதாரர். சேரிக்கும் கூலிக்காரர் குடியிருப்புக்கும் பக்கத்தில் அது கடை போடும். அந்தக் கடைக்கும் காசில்லாதவர் கள்ளச்சாராயப் பாக்கெட்டை வாங்குவார். 2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதுதான் நடந்தது. மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. செத்தவர்களில் பலர் தலித் கூலித் தொழிலாளர்கள். அவர்களுக்கு 350 ரூபாய்க்கு 100 மில்லி காட்டு ஈஸ்ட் பீர் என்றொரு உலகம் இருப்பதே தெரியாது. மலிவான, சோதித்துப் பார்த்த, மென்மையான ஒரு கள் அவர்கள் கைக்கு எட்டியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வாய்ப்பைக்கூட அவர்களுக்குச் சட்டம் விட்டுவைக்கவில்லை என்று சொல்ல முடியும்.

முற்போக்குத் தோழர்களுக்குத் தனியாகச் சில வார்த்தைகள். பப்பில் பீர் குடிப்பதே சாதியைத் தாண்டிவிட்டதன் அடையாளம் என்று நம்மில் பலர் நம்புகிறோம். அந்தத் திருவிழாவில் ஒருவர் பன்றிக்கறியைக் கடித்துக்கொண்டே "எங்க வீட்டுல தெரிஞ்சா தொலைச்சுருவாங்க" என்று பெருமையாகச் சொன்னார். மீறல்தான், மறுக்கவில்லை. ஆனால் மீறலாக எண்ணப்படுவதற்கே மீறக்கூடிய ஒரு 'உயர்ந்த' இடத்தில் பிறந்திருக்க வேண்டும். அவர் குடித்தால் லிபரல். துப்புரவுப் பணி முடித்த தலித் தொழிலாளி, நாற்றத்தை மறக்க ஒரு குவார்ட்டர் அடித்தால் குடிகாரன், "இவனுங்களே இப்படித்தான்". ஒரே போதை ஒருவரின் ஆளுமையாகவும் இன்னொருவரின் சாதிக் குணமாகவும் எழுதப்படுகிறது.

ஐ.டி. வேலையை உதறிவிட்டுப் பீர் காய்ச்ச வந்தவரைப் பத்திரிகைகள் கொண்டாடுகின்றன. கனவைத் துரத்தினார் என்கின்றன. பனையேறியின் மகன் பனையேறினால் அது கனவாக எழுதப்படுவதில்லை. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்யும் மனிதர்களையே படிநிலையில் பிரித்து வைப்பது என்று 1936-இலேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார். ஒருவர் விரும்பி வந்து, விரும்பினால் விலகவும் முடிகிற தொழில் மட்டுமே கலை என்ற பெயரைப் பெறுகிறது. பிறப்பால் ஒட்டவைத்த தொழிலில் எவ்வளவு நுட்பம் இருந்தாலும் அது குலத்தொழில், அவமானம்.

அதனால்தான் 'கள் தமிழர் பானம், பனை தமிழர் மரம்' என்ற மேடை முழக்கமும் எனக்குப் போதவில்லை. அதியமானும் ஔவையும் கள் அருந்திய சங்கக் கதையைச் சொல்கிறார்கள். மரத்தில் ஏறியவன் யார், அவன் குடிசை ஊரின் எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்வதில்லை. இன்று கள் தடையை நீக்கச் சொல்லும் குரல்களில் தோப்பு உடைமையாளர்களின் குரல் பெரிதாகக் கேட்கிறது. தடை நீங்கினால் தென்னைக்கு வரும் வருமானத்தை அவர்கள் கணக்கிடுகிறார்கள். ஏறுபவரின் கூலி, காப்பீடு, உரிமை பற்றிய கணக்கைக் காணோம். வணிகத்தில் உயர்ந்த சாதித் தலைவர்களும், பனையேறும் சொந்தச் சாதிக்காரரோடு சம்பந்தம் செய்யக் கூசுகிறார்கள். தங்கள் கடைக்கு வரும் தலித்திடம் அதே தீட்டைக் காட்டுகிறவர்களும் அவர்களில் உண்டு. நேற்று தன்னைச் சுட்ட நெருப்பை இன்று அடுத்தவர் மீது வீசுவதும் சாதிதான்.

ஆகவே கோரிக்கையைத் தெளிவாக வைப்போம். கள் மீதான தடை நீக்கப்பட வேண்டும். ஆனால் இறக்கவும் விற்கவும் உரிமம், மரமேறும் தொழிலாளர்களின் கூட்டுறவுகளுக்கே தரப்பட வேண்டும். தோப்பு முதலாளிக்கும் மதுபான நிறுவனத்துக்கும் அதில் இடமிருக்கக் கூடாது. மாவட்டந்தோறும் கலப்படம் சோதிக்கும் ஆய்வகம் வேண்டும். மரத்திலிருந்து விழுந்தால் குடும்பத்தைக் காப்பாற்றும் காப்பீடு வேண்டும். மரமேற ஏணியும் இயந்திரமும் மானியத்தில் வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் மஹுவாவைப் 'பாரம்பரிய மது' என்று அறிவித்துப் பழங்குடிச் சுயஉதவிக் குழுக்கள் மூலம் தயாரிக்க வழிசெய்திருக்கிறார்கள். அதன் நிறைகுறைகளை ஆராய்ந்து, இங்கே அதைவிடச் சிறந்த ஒன்றைக் கேட்கலாம். குடியிருப்புக்கு நடுவே எந்த மதுக்கடை இருக்கலாம், எது கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்தத் தெருப் பெண்களிடம் இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பனையேறியின் பிள்ளைகள் மரமேறாமல் வாழ வழி வேண்டும். கட்டணமில்லாத கல்வியும் வேறு வேலைக்கான உதவித்தொகையும் அதில் அடங்கும். யாரையும் மரத்தோடு கட்டிப்போட நான் கேட்கவில்லை. ஏற விரும்புபவர் மரியாதையோடு ஏறவும், இறங்க விரும்புபவர் தடையில்லாமல் இறங்கவும் வேண்டும்.

நீங்கள் பீர் குடியுங்கள், குடிக்காமல் இருங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் இனி யாராவது கோப்பையை உயர்த்தி, "இது கிராஃப்ட்" என்று சொன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதே கைத்திறனுக்காக இந்த மாநிலத்தில் இன்று எத்தனை பேர் மீது வழக்கு நிலுவையில் இருக்கிறது? விடை தெரியாது என்றால், அதைக் கண்டுபிடிக்கும் வேலை நம்முடையது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் மாவட்ட மதுவிலக்குப் பிரிவுக்கு ஒரு மனு எழுதுங்கள். கள் வழக்குகள் எத்தனை, கைதானவர்கள் எத்தனை பேர், உடைக்கப்பட்ட கலயங்கள் எத்தனை என்று கேளுங்கள். வரும் பதிலை ஊரறியச் சொல்லுங்கள்.